பந்தல் கம்பியில் தொங்கும் சைலன்சர்

காருக்கு அடியிலிருந்து இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன. ஒன்றில் ஸ்பேனர், மற்றொன்றில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி. துருப்பிடித்த நட்டைத் துடைத்து, தட்டி, திருகி, மறுபடி துடைக்கின்றன. நடுநடுவே ஒரு வசவு. வாசகரே, இவர்தான் முந்தித் தொட்டவனைத் திட்டுபவர். எல்லா ஊரிலும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் கையில் ஒரு சுருள் திராட்சைப் பந்தல் கம்பியோடு இருப்பார்.

வேலையைத் தொடங்குமுன் இவருக்குச் சில சடங்குகள் உண்டு. இடுப்பில் கை வைத்துப் பார்ப்பார். குனிந்து பார்ப்பார். பிறகு, "எந்த மடப்பய பாத்த வேலை இது?" என்பார். மிக்ஸியோ, மோட்டாரோ, வி.சி.டி. பிளேயரோ, எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு மடையன் இவருக்கு முன்பே வந்து போயிருப்பான். அவனைத் திட்டாமல் இவருக்கு ஒரு திருகாணியும் சுற்றாது.

மாதிரிக்கு உத்தமபாளையம் ஜெய்லானியை எடுத்துக்கொள்வோம். திராட்சைத் தோட்டக்காரர். இன்று மாலை ஐந்து மணிக்குக் கம்பத்தில் மகள் சானியாவுக்குச் சம்பந்தம் பேசி முடிக்க வேண்டும். காரின் சைலன்சர் ஓட்டை. போன முறை போயிருந்தபோது மாப்பிள்ளையின் தகப்பனார் தெருமுனை வரைக்கும் வந்து, "டிராக்டர்லயா வந்தீக?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே மனைவி மெஹராஜ் சொல்லிவிட்டார்: "இந்தச் சத்தத்தோட இனிமே இந்தக் கார்ல நான் ஏற மாட்டேன்."

மெக்கானிக் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். போவாரா? "மூணு நட்டு. இதுக்கு ஒரு மெக்கானிக்கா?"

மூன்று நட்டுக்கு மூன்று மணி நேரம். பொறுமையில் குறை சொல்ல முடியாது. கடைசியில் மூன்றும் கழன்றன. சைலன்சர் கழலவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், முறுக்கின் மேல் முறுக்காகப் பந்தல் கம்பி.

"மெஹராஜ், இங்கன வந்து பாரு! ரப்பர் வளையம் மாட்டுற எடத்துல கம்பிய வச்சு இறுக்கியிருக்கான். எந்தக் கிறுக்குப்பயலோ!"

"போன பெருநாளைக்கு நீங்கதேன் கட்டுனீக."

"உள்ளுக்குள்ள இன்னொரு கட்டு இருக்கே, அது?"

"அது அதுக்கு முந்துன பெருநாளைக்கு."

காருக்கு அடியில் டார்ச் வெளிச்சம் அந்தக் கட்டை இன்னொரு முறை சுற்றி வந்தது. பிறகு, "கட்டு நல்லாத்தேன் இருக்கு" என்று ஒரு குரல்.

வெட்டி இறக்கினார். புதுச் சைலன்சர் ஏறியது. அதனோடு கடைக்காரர் கொடுத்த இரண்டு ரப்பர் வளையங்களும் சட்டைப் பையில் பத்திரமாக இருக்க, சைலன்சர் வழக்கம்போலக் கம்பியில் தொங்கியது. ஸ்டார்ட் செய்தார். பழைய வெடிச் சத்தம் போய்விட்டது. ஆனால் கார் முழுவதும் மாவு மில்லைப் போல அதிர்ந்தது. ரப்பர் வாங்கிக்கொள்ளும் நடுக்கத்தைக் கம்பி ஒன்று விடாமல் வண்டிக்கே கொடுத்துவிடும். வேறென்ன செய்யும்?

பட்டுச்சேலை கட்டி, பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மெஹராஜ் இறங்கினார்.

"பைக்குள்ள இருக்கிறத எடுங்க."

"அதெல்லாம் சும்மா பேருக்குக் குடுக்கிறது."

"மாட்டுங்க. இல்லாட்டி நானும் சானியாவும் பஸ்ஸுல போறோம். ஏன்னு அவுக கேட்டா, காரணத்தையும் சொல்லிப்புடுவேன்."

கம்பியை அறுத்தார். வளையங்களை மாட்டினார். கார் அப்போதுதான் வாயை மூடியது.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கேட்டின் கொண்டியில், குழாயின் கழுத்தில், சைக்கிள் கேரியரில், யாரோ ஒரு மடையன் போட்ட கட்டு ஒன்று இருக்கத்தான் செய்யும். திட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மணி நாலு. கரி படிந்த கையோடு குளிக்கப் போகுமுன், கார் ஓட்ட வந்திருந்த மைத்துனர் நௌஷாத்தைத் தனியே கூப்பிட்டார் ஜெய்லானி.

"பதனமா ஓட்டு. ரப்பர மட்டும் நம்பிறாத."

சாவியைக் கொடுத்தார். மெஹராஜ் பார்க்காதபோது, மிச்சமிருந்த கம்பிச் சுருளையும்.