என் வங்குறோத்துக்கு நானே அப்புக்காத்து

கொழும்பில் கடன் கட்ட வழியில்லாமல் வங்குறோத்தானவர்கள் பலர் இருக்கலாம். தன் வங்குறோத்து வழக்கை அப்புக்காத்து இல்லாமல் தானே பேசி வென்றவன், எனக்குத் தெரிந்தவரையில், நான் ஒருவன்தான். சந்தேகம் என்றால் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வந்து சண்முகலிங்கம் யார் என்று கேட்டுப் பாருங்கள். என் மனைவி பத்மாவதி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின. நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லை. ஊரே இருட்டில் கிடந்தபோது எனக்கு மட்டும் மூளை வெளித்தது. புறக்கோட்டை மொத்த வியாபாரி பௌஸி நானாவிடம் பற்றரியில் எரிகிற அவசர விளக்குகளைக் கடனுக்கு எடுத்தேன். என் கடை நிறைய விளக்கு. கடைக்குப் பின்னாலிருந்த அறை நிறைய விளக்கு. அறைக்குப் பின்னாலிருந்த கக்கூஸ் நிறைய விளக்கு. கடைசிப் பெட்டியை இறக்கிவைத்து நெற்றியைத் துடைத்தபோது வானம் இடித்தது. மழைக்காகப் பூசை செய்தவர்கள், விகாரையில் பிரித் ஓதியவர்கள் எல்லோரும் தோற்றுப்போன இடத்தில் நான் கடன் வாங்கினேன். கொட்டு கொட்டென்று கொட்டியது. அதன் பிறகு மழையும் நிற்கவில்லை, கரண்டும் நிற்கவில்லை.

கடை போயிற்று. கடன் போகவில்லை. விஷயம் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனது. இனி வீட்டில் இருப்பதையும் ஏலம் போடுவார்கள் என்றார்கள். பிறிட்ஜ் போகட்டும். ரீவி போகட்டும். ஆனால் வாசலில் நின்ற என் மொறிஸ் மைனர்? சாம்பல் நிறம், வட்டக் கண், காலையில் மூன்றுதரம் இருமிவிட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும். பத்து வருடமாக அதை என் கையால் கழுவுகிறேன். அது போனால் நான் உயிரோடு இருந்து என்ன பயன் என்று எனக்குப் பட்டது.

"மேல்வீட்டு பேர்னாட் அண்ணையின்ரை மகள் பிறிஜெற் லோயர்தானே," என்றாள் பத்மா. "கேட்டால் சும்மா செய்து தருவாள்."

"நேற்றுப் பிறந்த பெட்டை. அவளுக்கு என்ன தெரியும்? நானே பேசப்போறன்."

"நீங்களோ?"

"ஏன், எனக்கு வாய் இல்லையோ?"

"வாய் இருக்கு," என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை.

மருதானைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கழன்ற சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். சாய்மனைக் கதிரையில் கிடந்து படித்தேன். கண்டுபிடித்தேன். யாழ்ப்பாணத்தாருக்கென்றே தேசவழமை என்று ஒரு சட்டம் இருக்கிறது. பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் பெண்ணுக்கே சொந்தம். அந்தக் காசில் வாங்கிய பொருளும் அவளுக்கே. புருசனுடைய கடன்காரன் அதில் ஒரு விரலும் வைக்க முடியாது.

"பத்மா, இஞ்சை வாரும். வீட்டிலை இருக்கிற எல்லாம் உம்முடைய சீதனத்திலை வந்தது எண்டு நீர் கோட்டிலை சொல்லவேணும்."

"நான் பொய் சொல்ல மாட்டன்."

"பொய் இல்லையப்பா. சட்டம்."

"காரும் என்ரையோ?"

"கார்தான் முக்கியம். என்ரை பேரிலை ஒரு கரண்டி கிடந்தாலும் பௌஸி நானா தூக்கிக்கொண்டு போவார். நாளைக்கு நான் உழைச்சாலும் அதுவும் கடனுக்குத்தான் போகும். உம்முடைய பேரிலை இருந்தால் ஒருத்தரும் தொட ஏலாது."

"கோட்டிலை ஒருக்காச் சொன்னால் பிறகு மாத்த ஏலாதோ?"

"நீதவானே நினைச்சாலும் ஏலாது."

"அப்ப சரி," என்றாள் பத்மா.

இவ்வளவு சுலபமாக அவள் என் பேச்சுக்கு இணங்கியது கலியாணம் முடித்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. சட்ட அறிவுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கு நாளன்று மொறிஸிலேயே புறப்பட்டோம். நீதிபதிக்குக் காட்டுவதற்காக ஒரு விளக்கைப் பின்சீற்றில் வைத்திருந்தேன். பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் கையைக் காட்டி நிறுத்தினார்கள். ஆமிக்காரப் பையன் அடையாள அட்டையைப் பார்த்தான், பொலிஸ் பதிவைப் பார்த்தான், பின்சீற்றைப் பார்த்தான். தமிழன், பற்றரி, வயர். படித்த சட்டத்தில் ஒரு வரி கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"மொகக்த மே?" இது என்ன என்கிறான்.

"லயிற் எகக், மல்லி," என்றாள் பத்மா. ஒரு லயிற்தான் தம்பி, கரண்ட் இல்லாத நேரத்துக்கு விற்க வாங்கினது, கரண்ட் வந்துவிட்டது, அதுதான் கோட்டுக்குப் போகிறோம் என்று சிங்களத்தில் விளக்கினாள். பையன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தான்.

"கார் எக காகெத?" கார் யாருடையது என்கிறான்.

"மகே," என்றாள். என்னுடையதாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரோட்டிலேயே ஒத்திகை பார்க்கிறாளே.

நீதிமன்றத்தில் பௌஸி நானாவுக்கு ஒரு பெரிய லோயர் வந்திருந்தார். எனக்கு நான் வந்திருந்தேன். பத்மாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். கோட் முதலியார் எங்கள் தமிழைச் சிங்களமாக்கி நீதிபதிக்குச் சொன்னார். வீட்டில் நான் ஒரு கேள்வி கேட்டால் அவள் இரண்டு கேள்வி கேட்பாள். இங்கே நான் கேட்கலாம், அவள் பதில் மட்டும் சொல்லலாம். இந்தச் சுகத்துக்காகவே ஆயுள் முழுக்க வழக்குப் பேசலாம் போலிருந்தது.

"வீட்டிலை இருக்கிற பிறிட்ஜ் ஆருடையது?"

"என்ரை."

"ரீவி?"

"என்ரை."

"அலுமாரி?"

"என்ரை. கீழ்த்தட்டிலை இவற்ரை உடுப்பை வைக்க விட்டிருக்கிறன்."

நீதிபதி சிரித்தார். எனக்கு வேகம் பிடித்துவிட்டது. காற்றாடியைக் கேட்டேன், கட்டிலைக் கேட்டேன், நான் படுத்துப் படித்த சாய்மனைக் கதிரையையும் கேட்டேன். எல்லாம் அவளுடையது.

"மொறிஸ் மைனர்?"

பெரிய லோயர் எழும்பினார். காரின் பதிவு சண்முகலிங்கத்தின் பெயரில் இருக்கிறதே என்றார். நான் எச்சில் விழுங்கினேன். பத்மா விழுங்கவில்லை.

"எங்கடை ஐயா எனக்குக் காசுச் சீதனம் தந்தவர். அந்தக் காசு முழுக்க இவற்ரை தங்கச்சியின்ரை கலியாணத்துக்குப் போட்டுது. அதுக்குப் பதிலா உமக்கு ஒரு கார் வாங்கித் தாறன் எண்டு நல்லூர்க் கோயில் வாசலிலை வைச்சு இவர் சொன்னவர். சொன்ன மாதிரியே வாங்கினவர். பேர் மட்டும் தன்ரை பேர்."

ஒத்திகையில் இல்லாத வசனம். கண்கூட நனைந்திருந்தது. என்ன கற்பனை, என்ன நடிப்பு என்று வாய்க்குள் மெச்சினேன்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். நானும் கூண்டேறிச் சத்தியம் செய்தேன். உங்கள் மனைவி சொல்வது உண்மையா என்று கேட்டார்.

"ஒவ்வொரு சொல்லும் உண்மை," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

வென்றோம். வீட்டுப் பொருளும் காரும் மனைவிக்கே சொந்தம் என்றாயிற்று. எனக்கு மிச்சம் உடுத்தியிருந்த உடுப்பு. பௌஸி நானாவுக்கு விளக்குகளைத் திருப்பி எடுக்கக் கட்டளை கிடைத்தது; மீதிக் கடன் என் பேரிலேயே நின்றது. மனுசன் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"லிங்கம் ஐயா, எண்ட லோயருக்குக் குடுத்த சல்லிய ஒங்களுக்குக் குடுத்து நானும் ஒங்களையே வெச்சிருக்கலாம்."

வீடு வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். பத்மா பின்சீற்றில் இருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். காரை நிறுத்தியதும் கையை நீட்டினாள்.

"சாவியைத் தாங்கோ."

"என்ன சாவி?"

"என்ரை காரின்ரை சாவி."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பத்மா, கோடு முடிஞ்சுது. இனி நடிக்கத் தேவையில்லை."

"ஆர் நடிச்சது? பொய் சொல்ல மாட்டன் எண்டு முதலே சொன்னனான்தானே."

"அப்ப அந்த நல்லூர் வாசல் கதை?"

"தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு ஆற்ரை காசு போனது எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்தேன். தங்கச்சியின் கலியாணப் பந்தல் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு நல்லூர். வாசலில் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கச்சான் உடைத்தாள். கார் வாங்கித் தருகிறேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற புதுப் பெண்சாதியிடம் யார்தான் எதைத்தான் சொல்லமாட்டார்கள்? நான் மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை, நான் கேட்கும்வரை காத்திருந்திருக்கிறாள். அதையும் நீதிமன்றத்தில், முதலியாரை வைத்துக்கொண்டு நானே கேட்டிருக்கிறேன்.

"இல்லையெண்டால் நாளைக்கே போய், சத்தியம் பண்ணிப் பொய் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. உங்களை உள்ளை போடுவினம். கார் பௌஸி நானாவுக்குப் போகும்."

அதுவும் சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. சாவியைக் கொடுத்தேன்.

"சரி, காரை வைச்சு என்ன செய்யப்போறீர்? உமக்கு ஓடத் தெரியாதே."

"ஒழுங்கையிலை ஏழு பிள்ளையள் கொன்வென்ற் பள்ளிக்கூடத்துக்குப் போகுதுகள். சோதனை, கெடுபிடிக்கு பஸ்ஸிலை விடத் தாய்மாருக்குப் பயம். மாசக் காசுக்குக் கதைச்சு முடிச்சிட்டன். திங்கட்கிழமை தொடக்கம் ஓட்டம்."

"ஆர் ஓடுறது?"

"நீங்கள்தான்."

மனம் துள்ளியது. மொறிஸ் என் வாசலில். ஸ்ரியரிங் என் கையில். இதற்குப் பெயர் வெற்றி இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் வெற்றி? கம்பீரமாகக் கேட்டேன்.

"டிறைவருக்குச் சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் தர ஏலாதப்பா. உங்கடை கைக்கு ஒரு சதம் வந்தாலும் அது கடனுக்குத்தான் போகும். நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

"அப்ப எனக்கு?"

"சோறு தாறன்," என்றாள் பத்மா. "அதை ஒரு கோடும் ஏலத்திலை விடாது."