நவம்பர் பக்கத்துக்குப் போன படம்

சதுப்பில் மீன் பிடிக்கிறவர் உண்டு, முதலை பிடிக்கிறவர் உண்டு. இலையுதிர் காலத்தில் மட்டும் தலைகாட்டும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு வாசகரே: இலை பிடிக்கிறவர்.

சைப்ரஸ் மரங்கள் துரு நிறத்துக்குத் திரும்பியதும் இவருக்குத் தூக்கம் போய்விடும். விடியுமுன்னே கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகைத் தண்ணீரில் இறக்கி, கழுத்தில் ஒரு கேமரா, மடியில் ஒரு கேமராவோடு ஏறி உட்கார்ந்து, தண்ணீரில் விழுந்த மரநிழல் கலைந்துவிடுமே என்று மூச்சைக்கூட அளந்து விட்டு, நடுவில் ஒரு கொக்கு இறங்கி வட்டம் எழுப்பினால் அதன் பரம்பரையையே திட்டித் தீர்த்து, முந்நூறு படம் எடுப்பார். காட்டுவது ஒன்று. எங்கே எடுத்தது என்று கேட்டுப் பாருங்களேன். "சும்மா, அந்தப் பக்கந்தான்" என்று ஒரே கையால் வடக்கையும் தெற்கையும் காட்டுவார்.

எங்கள் க்ளோவிஸ் இந்த இனத்தில் மூத்தவர். ஊர்த் தீயணைப்புப் படை அச்சிடும் காலண்டரில் நவம்பர் பக்கம் வருஷா வருஷம் அவருடையது. படம் எடுக்கும் இடம் மனைவி ஓடீலுக்கே தெரியாது. தெரிந்தால் அவள் தம்பி ரெமிக்குத் தெரியும். ரெமியும் கேமரா வாங்கிவிட்டான்!

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கேமராவிலேயே கண்ணாக இருந்த க்ளோவிஸ் தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. கயாக் மர வேர்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறங்கித் தள்ளலாமென்றால் இடுப்பளவு சேறு. எதிர்க்கரையில் ஒரு முதலை வெயில் காய்ந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"ஓடீல், கயாக் மாட்டிக்கிச்சு. ரெமியப் படகோட வரச் சொல்லு."

"எங்க வரணும்?"

"மரம் நிறைய இருக்கிற இடம்."

"சதுப்புல மரமில்லாத இடம் எதுங்க?"

"அவன் கண்ணக் கட்டிக்கிட்டு வருவானான்னு கேளு."

"அடுப்புல கம்போக் குழம்பு கொதிக்குது. நீங்க இடத்தக் காப்பாத்துங்க, நான் குழம்பக் காப்பாத்தறேன்." போன் வைக்கப்பட்டது.

வெயில் சாய்ந்தது. முதலை தண்ணீரில் இறங்கியது. க்ளோவிஸ் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். மறுபடி கூப்பிட்டு, பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பவர் குரலில் சொன்னார்: "எண்ணெய்க் குழாய் வாய்க்காலத் தாண்டி, இடது பக்கம் மூணாவது திருப்பம்."

ரெமி வந்தான். கயிறு எறியவில்லை. மோட்டாரை அணைத்துவிட்டுத் தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்தான்.

"மச்சான், கொஞ்சம் அசையாம இருங்க. வெளிச்சம் அருமையா விழுது."

காலண்டர் வந்துவிட்டது. நவம்பர் பக்கத்தில் துரு நிற மரங்கள், கண்ணாடித் தண்ணீர், நடுவில் சிவப்புக் கயாக். நேராக ஒரு க்ளோவிஸ், தலைகீழாக ஒரு க்ளோவிஸ், இருவரும் முறைக்கிறார்கள். எங்கே எடுத்தது என்று ஊரே ரெமியைக் கேட்கிறது.

"சும்மா, அந்தப் பக்கந்தான்" என்கிறான் அவன்.

சிரிக்கிறீர்கள். சரி, போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அருவிப் படம் போட்டீர்களே, அது எங்கே எடுத்தது?