எலும்பண்ணனும் மழையில் நனைந்த புத்தகமும்

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் வரைக்கும் மனுச எலும்புக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் எலும்பண்ணன்தான். தேயிலை மலையில் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவருடைய ஒற்றைக் காம்பராவில், சாமி படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்த வைத்தியப் புத்தகங்கள் பதினொன்று இருக்கின்றன. ஹட்டனில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் நானா, ஈரல், குடல் படம் போட்ட புத்தகம் எது வந்தாலும் கடலைச் சரை சுற்றக் கொடுக்காமல் இவருக்கு எடுத்து வைப்பார்.

"அண்ணே, இடுப்பு வலிக்குது" என்று யாராவது வந்தால், புத்தகத்தை விரித்து அந்த இடத்தைக் காட்டுவார்.

"மருந்து?"

"அது ஆஸ்பத்திரியில. இங்க வலிக்கிற எடத்துக்குப் பேரு மட்டுந்தான்."

பேர் தெரிந்ததுமே பாதி வலி போய்விட்டது என்று சொன்னவர்களும் உண்டு.

பதினொன்றில் பெரியது, தமிழிலேயே அச்சான உடற்கூறு நூல். யாரோ போனில் அனுப்பிய அதன் படத்தைப் பார்த்த கொழும்புப் பேராசிரியர் ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டு, "லயத்துல இப்படி ஒரு புத்தகமா? நம்ப முடியல. ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன்" என்றார். அன்றிலிருந்து அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்துத்தான் மலைக்கு வேலைக்குப் போனார்.

வியாழக்கிழமை மழையில் கூரைத் தகரம் ஒழுகியது. காம்பரா முழுவதையும் விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தின் மேல் மட்டும் ஊற்றியது.

"இது நாசமாப் போனா, பொய் சொன்னேன்னுதான்டா அவரு நெனப்பாரு" என்று அண்ணன் அதை அடுப்புக்கு மேலே பிடித்தார். நான் ஃபெக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன், அன்று கத்திவிட்டேன்.

"சூடு காட்டாதீங்கண்ணே, தாள் முறிஞ்சிரும். கொழுந்து மாதிரி காத்துலதான் வாட்டணும்."

மறுநாள் கொழுந்து குறைவு. மாடியில் கொழுந்து பரப்புகிற நீளத் தொட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. புத்தகத்தை அதன் வலை மேல் விரித்து, அடியிலிருந்து காற்றைத் திறந்துவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினோம். அப்போது ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வந்து நின்றார். தொட்டியில் கொழுந்தைத் தவிர ஒரு நூல் கிடந்தாலும் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறவர்.

"இது என்ன கொழுந்து?"

நான் அண்ணனுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"தலையிலேருந்து கால் வரைக்கும் இருக்குங்க" என்றார் அண்ணன். "ஐயாவோட முட்டியும் இருக்கு."

மூட்டுவலிக்காரரான டீமேக்கர் குனிந்து, முழங்கால் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூணு மணிக்குக் கொழுந்து வரும். அதுக்குள்ள எடுத்துருங்க" என்றார். போகிற போக்கில் திரும்பி, "இந்தப் பக்கம் இன்னும் வாடல."

ஞாயிறு வந்த பேராசிரியர் புத்தகத்தை முகர்ந்தார். "தேயிலை வாசம் அடிக்குதே?"

"எங்க மலையில இருக்கிற எல்லாத்துக்கும் அந்த வாசந்தான் சார்."

கொழும்புக்குக் கொண்டுபோகக் கேட்டார். "பாக்கணும்னா நீங்க வாங்க சார், பிளேன்டீயும் தர்றோம்" என்றார் அண்ணன்.

"இவ்வளவு பக்குவமா யாரு காய வச்சது?"

கதவுக்குப் பின்னால் நின்ற என்னை அண்ணன் இழுத்துவந்து, என் கையைப் புத்தகத்தில் இருந்த கைப் படத்தின் மேல் வைத்தார்.

"இந்தக் கை சார். இருபத்தேழு எலும்பு. ஒண்ணுலகூட பழுதில்ல."

அந்தக் கையை நம்பித்தான் இதை எழுதிவிட்டேன்.

ஆடி மாதம், இரண்டாம் ஞாயிறு.