ஓட்டை போடுமுன் ஒரு விளக்கவுரை

மனித குலத்தில் ஒரு கிளையினர் உண்டு. அவர்களிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டால் டம்ளர் வராது. 'டம்ளர்' என்ற சொல் எந்தக் கப்பலில் ஏறி வந்தது என்ற தகவல் வரும். வேர்ச்சொல் விசாரணையாளர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைப்போம். தொண்டையைச் செருமுவார்கள். ஆள்காட்டி விரலைத் தூக்குவார்கள். "இதோட மூலம் என்ன தெரியுமா?" என்பார்கள். தெரியும் என்று சொல்லித் தப்பியவர் எவருமில்லை. தெரியாது என்றவர் கதியைக் கேட்கவே வேண்டாம்.

நம் கையில் சிக்கிய மாதிரியை அலுவலகத்தில் 'வேர்' என்றே அழைத்தார்கள். அவர் மனைவிக்கு அன்று காலை வேண்டியிருந்ததெல்லாம் குளியலறைச் சுவரில் நாலு ஓட்டை. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து அவளுடைய அம்மா, தம்பியின் காரில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தார். கைப்பிடிக் கம்பி இல்லாமல் அந்த வழுக்குத் தரையில் கால் வைக்கவே கூடாது, இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். கம்பி வந்துவிட்டது. திருகாணிகள் வந்துவிட்டன. துளை போடும் இயந்திரமும் இருந்தது, கணவர் கையில். அங்கேதான் வினை.

"டிரில்லுன்னு சொல்றோமே, அது எந்த பாஷைன்னு நினைக்கிற?"

கம்பியைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தவளுக்குத் தோள் விண்ணென்றது. "எந்த பாஷையா இருந்தா என்னங்க? குறி போட்டிருக்கேன், அதுல போடுங்க."

"இங்கிலீஷுன்னுதானே நினைச்ச? டச்சுக்காரன்கிட்ட வாங்கினது! துளைக்கிறது, சுழற்றுறது, ரெண்டுக்கும் அவனுக்கு ஒரே சொல்."

"அம்மா பாதி வழி வந்துட்டாங்களாம்!"

"ஸ்கூல்ல வெயில்ல நிக்கவெச்சு டிரில் எடுத்தாங்களே, அதுவும் இதேதான். பட்டாளத்தானை இப்படித் திரும்பு, அப்படித் திரும்புன்னு சுத்தவிடறது..." என்றவர், விளக்கம் போதாதென்று தாமே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். ஒயர் காலைச் சுற்றிக்கொண்டது.

"அதை இப்படிக் குடுங்க, நானே போட்டுக்கறேன்."

"ஒரு கருவியைப் புரிஞ்சுக்காம கையில எடுக்கலாமா?" என்று இயந்திரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: நடுவில் ஒரு முறை விசையை அழுத்தத்தான் செய்தார். அது போட்ட இரைச்சலில் அவர் பேசியது அவருக்கே கேட்கவில்லை. உடனே நிறுத்திவிட்டார்.

வாசலில் ஹாரன் அடித்தது.

"மாமா, கம்பி மாட்டியாச்சா?" என்றான் மைத்துனன், அம்மாவைத் தாங்கியபடி.

"அதுக்குத்தான் அடிப்படையைச் சொல்லிட்டிருக்கேன்."

"அடிப்படை கிடக்கட்டும், எனக்கு அவசரம்" என்றார் மாமியார். கார் குலுக்கிய குலுக்கல் அப்படி.

மனைவி கம்பியைத் தரையில் வைத்தாள். கணவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சுவரைப் பார்க்க நிறுத்தினாள். "அம்மா, அந்தப் பக்கம் என்னைப் பிடிச்சுக்கோ, இந்தப் பக்கம் இதைப் பிடிச்சுக்கோ. வாய் மட்டும்தான் ஆடும், மத்தது ஆடாது."

மாமியாரின் முழு பாரமும் அவர் தோளில் இறங்கியது.

"கண்ணை மூடிக்கோங்க மாப்பிள்ளை."

"சரிங்க அத்தை. இந்தக் கம்பிங்கிற சொல் இருக்கே..."

"வாயையும்."

சிரிக்கிறீர்களா? நல்லது. டச்சுக்காரன் என்று படித்ததும், 'அப்படியா, பார்த்துவிடலாமே' என்று உங்கள் விரல் போனைத் தேடியதா, இல்லையா? அடுப்படியிலிருந்து உங்களை யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. போய்ப் பாருங்கள். எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.