கேட்டுக் கேட்டு உயிரை வாங்கும் பெட்டி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். அங்கே நீங்களும் என் மகளும் நன்றாகவே இருப்பீர்கள்.

உங்கள் மாமா போனபின் நான் தனியாகக் கிடக்கிறேன் என்று, மகள் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு கம்ப்யூட்டரை அவர் நாற்காலிக்கு எதிரிலேயே வைத்துவிட்டுப் போனீர்களே, அதை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். திறந்தால் போதும், "கேமராவைப் பயன்படுத்தலாமா?" என்கிறது. இல்லை என்று அமுக்கினேன். "மைக்?" அதற்கும் இல்லை. தன் கண்ணைத் திறக்க என்னைக் கேட்கிறதே, இதெல்லாம் ஒரு சாமானா? போனில் கேட்டதற்கு நீங்கள், "அத்தை, எந்த புரோகிராமும் எதையும் தானா தொட முடியாது. ஃபைலோ கேமராவோ, மொத்தப் பெட்டியையும் நடத்துற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கிட்டதான் கேக்கணும். அது எடுத்துக் குடுக்கிற வரைக்கும் புரோகிராம் காத்துக்கிட்டு நிக்கும். சில விஷயத்துக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் உங்களையும் ஒரு வார்த்தை கேக்கும்" என்றீர்கள். அட, இதைக் கண்டுபிடிக்கவா உங்களுக்குச் சம்பளம்? கல்யாணமான மறுநாளே நான் கண்டுபிடித்தாயிற்று. உங்கள் மாமா அந்த நாற்காலியை விட்டு அசைந்தாரா? "தண்ணி" என்பார். "கண்ணாடி எங்க?" என்பார், அது மூக்கில் இருக்கும். நீட்டிய கை நீட்டியபடி இருப்பார். இல்லை என்று நான் சொன்னால் கொஞ்சம் பொறுத்து அதையே கேட்பார். எனக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு தடவை தானே அடுப்படிக்குள் நுழைந்தார். டீயில் உப்பு, பால் பொங்கி அடுப்பு அணைந்து, திறந்த குழாயை மூட மறந்து கூடம்வரை வெள்ளம், வீடே நின்றுபோனது. அதைச் சொன்னால், "அதுக்குத்தான் அத்தை, எந்த புரோகிராமையும் நேரா உள்ள விடறதில்ல" என்று சிரிக்கிறீர்கள். ஆக, உங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குக் கொண்டை போட்டால் நான்தான். எனக்கு யார் சம்பளம் கொடுத்தது?

"முகத்தக் காட்டும்மா" என்று அவள் அழுகிறாளாம். காட்டுகிற மாதிரியா இருக்கிறது? அடுப்பு மூட்டியே நாளாகிறது. பார்த்தால் உடனே வீட்டைப் பூட்டு, கிளம்பு என்பாள். எதை எடுத்து யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதை வேறு அவள் பார்க்கணுமா?

இருவரும் ஒருவரை ஒருவர் வேலை வாங்கிக்கொண்டு நெடுநாள் இருங்கள்.

இப்படிக்கு,
அத்தை

பி.கு: உறையை ஒட்டும் முன் அவள் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரைத் திறந்தேன். பெட்டி மறுபடி கேட்டது. இத்தனை தடவை இல்லை என்று சொல்லியும் கோபமே இல்லாமல், அந்த நாற்காலிக்கு எதிரிலிருந்து, அதே கேள்வி. சரி, எடுத்துத் தொலை என்று அமுக்கிவிட்டேன். "இப்படி இளச்சுட்டியேம்மா!" என்றாள். "பின்ன, கேக்க ஆளில்லன்னா யாருக்குடி சமைக்கிறது?" என்றேன். பெட்டியை எடுக்க வராதீர்கள். இருவரும் சாப்பிட வாருங்கள். என்ன வேண்டுமோ உட்கார்ந்த இடத்திலிருந்து கேளுங்கள், மாப்பிள்ளை. அடுப்படிக்குள் மட்டும் காலை வைக்காதீர்கள்.