அம்மாவின் சலூனும் என் ஆறு நிபந்தனைகளும்

ஹாமில்டன்,
மார்ச் 14

அன்பும் மரியாதையும் (கொஞ்சம் பயமும்) கலந்த லொரீன் அக்காவுக்கு,

ஷானா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் நலம். கூரைப் பனி உருகிச் சமையலறைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது, போன வாரத்தோடு நின்றுவிட்டது. ரெஜைனாவில் உன் முழங்காலும் பிரையன் அத்தானின் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. நம் தெருவில் அந்த இடம் வரக்கூடாது, கூட்டத்துக்குப் போய் எதிர்த்துப் பேசு, அம்மாவின் சலூன் பக்கம் கோரியை அண்டவிடாதே என்று மூன்று உத்தரவு போட்டிருந்தாய். மூன்றையும் செவ்வனே நிறைவேற்றிவிட்டேன் என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம். நிலைமை முழுவதும் என் கையில் இருக்கிறது. நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

'அந்த இடம்' என்று நீயும் எழுதியிருந்தாய். இங்கேயும் யாரும் அதன் முழுப்பெயரைச் சொல்வதில்லை. போதை மருந்து போட்டுக்கொள்கிறவர்கள் தனியாக எங்கேயாவது விழுந்து சாகாமல், ஒரு நர்ஸின் கண்ணெதிரே உட்கார்ந்து போட்டுக்கொண்டு, உயிரோடு எழுந்து போவதற்கான இடம். அது வேண்டும் என்பதில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் சம்மதம். எங்கே என்று கேட்டால் அதற்கும் எல்லோரிடமும் ஒரே பதில்: அடுத்த தெருவில். ஜனவரியில் நம் தம்பி கோரி, மிசஸ் ஃபெரெய்ராவின் சலவைக்கடைக் கழிவறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்ததை உனக்குப் போனில் சொன்னேன். நீ அழுதாய். அழுது முடித்து, "ஆனாலும் நம்ம தெருவுல வேண்டாம்டி" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கோரி பிழைக்க வேண்டும், ஆனால் வேறெங்காவது பிழைக்க வேண்டும் என்று. எழுதிப் பார்த்தால் நன்றாக இல்லை. அதனால் மேலே போகிறேன்.

கூட்டம் செவ்வாய் மாலை, தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில். குடியிருப்போர் சங்கத் தலைவர் டக் பிட்லுப்னியை உனக்குத் தெரியும், எஃகு ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மாவிடம் முடி வெட்டிக்கொண்டே வழுக்கையானவர். அவர் மனைவி உள்ளங்கை அளவு இனிப்பாக நாற்பது வெண்ணெய் டார்ட் சுட்டு அனுப்பியிருந்தார், பாதியில் உலர்திராட்சை போட்டு, பாதியில் போடாமல். எது எது என்று அடையாளம் வைக்க மறந்துவிட்டார். டார்ட்டில் திராட்சை போடுவது நியாயமா என்ற விவாதம் இருபது நிமிடம் நடந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு கோட்டை மாட்டினார்கள், வெளியே குளிரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் மனித உயிர் பற்றிய விஷயத்துக்கு வந்தோம். டக் எழுந்து, "சாரி, நான் அவங்களுக்கு எதிரி இல்ல. சாரி, பாவம்தான். ஆனா இந்தத் தெருவுல, சாரி, குழந்தைங்க இருக்கு" என்று ஆரம்பித்தார். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அவரே வைத்த விதி, அதில் ஒரு நிமிடம் சாரியிலேயே போய்விட்டது. மிசஸ் ஃபெரெய்ரா கையைத் தூக்காமலே எழுந்தார். "எனக்கு ஒரு கேள்வி டக். நான் துணி தோய்க்கிறவ. என் கக்கூஸ்ல இதுவரைக்கும் மூணு பேருக்கு மூக்குல போதை முறிக்கிற மருந்து அடிச்சு எழுப்பியிருக்கேன். அதுல ஒருத்தனாவது ஒரு சாக்ஸ் தோய்ச்சானா? 'அந்த இடம்' வரக்கூடாதுங்கிறீங்க. அது வந்து ரெண்டு வருஷமாச்சு, என் கடைக்குள்ள இருக்கு. நர்ஸ் மட்டும்தான் இல்ல!"

இந்த இடத்தில்தான் நான் களத்தில் இறங்கினேன். அக்கா, நேரடியாக 'வேண்டாம்' என்றால் ஈவிரக்கம் இல்லாதவள் என்று பெயர் வரும். கல்லூரி நூலகத்தில் இருபது வருடம் புத்தகம் வகைப்படுத்தியவளுக்கு ஒரு காரியத்தை எப்படி நடக்கவிடாமல் செய்வது என்று தெரியாதா? நிபந்தனை போட்டேன். நிலையம் தாராளமாக வரட்டும், ஆனால் ஆறு நிபந்தனை. பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் முந்நூறு மீட்டருக்குள் இருக்கக்கூடாது. பேருந்து நிறுத்தத்தில் இருந்து ஐந்து நிமிடத்தில் நடந்து வர வேண்டும். படி இருக்கக்கூடாது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும். பின்பக்கம் தனிக்கதவு வேண்டும். முன்வாசல் எந்த வீட்டு வாசலையும் பார்க்கக்கூடாது. ஆறாவதாக, இதுதான் என் புத்தியின் உச்சம் என்று அன்றைக்கு நினைத்தேன், சுகாதாரத்தை முன்னிட்டு ஒரே அறையில் மூன்று தண்ணீர்த் தொட்டிகள் வேண்டும். உலகத்தில் எந்தக் கட்டடத்தில் ஒரே அறையில் மூன்று தொட்டி இருக்கும்? கைதட்டினார்கள். டக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரையும் புண்படுத்தாம எவ்வளவு அழகா சொல்லிட்டா பாருங்க" என்றார். ஏகமனதாக நிறைவேறியது. தீர்மானம் கொண்டுவந்தவரே அதற்கான குழுவுக்குத் தலைவர் என்பது எங்கள் சங்கத்தின் பழைய வழக்கம். அதை நான் அந்தக் கைதட்டலில் மறந்துவிட்டேன்.

இதற்கு நடுவே கோரி வந்திருந்தான். நான் அழைக்கவில்லை. கூடத்தில் கதகதப்பு இருந்தது, டார்ட் இருந்தது, அவ்வளவுதான். முகம் மழித்து, நான் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக்கொடுத்த ஸ்வெட்டர் போட்டிருந்தான். பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே ஓரத்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தான். சின்ன வயதில் சலூனில் பார்த்தவனை டக்குக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் தோளில் கை போட்டு, "பாருப்பா, அந்தப் போதை ஆளுங்க இங்க வர ஆரம்பிச்சா தெரு என்ன ஆகும்?" என்றார். கோரி டார்ட்டை விழுங்கிவிட்டு, "ரொம்ப கஷ்டம் சார். நாற்காலியெல்லாம் யார் அடுக்குவா?" என்றான். டக்குக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம தெருவுக்கு உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மிசஸ் ஃபெரெய்ரா திரும்பிப் பார்த்தார். "டக், என் மூணு பேர்ல ஒருத்தன் இவன்தான்யா. சலூன் கிளெண்டாவோட கடைசிப் பையன்."

அதற்கப்புறம் டக் எத்தனை சாரி சொன்னார் என்று எண்ண முடியவில்லை. கோரியும் பதிலுக்குப் பதில் சாரி சொன்னான். இரண்டு பேரும் நிறுத்தத் தெரியாமல் நின்றார்கள். கடைசியில் டக் தட்டில் மிச்சம் இருந்த டார்ட்டை எடுத்து அவன் கையில் வைத்து, "திராட்சை இருக்கா இல்லையான்னு தெரியலப்பா" என்றார்.

அந்த நேரம் பார்த்து, நிலையத்துக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் நர்ஸ் டெனீஸ் தெருப்படத்தை மேசைமேல் விரித்தாள். "ரெண்டு வருஷமா எங்க வரக்கூடாதுன்னு மட்டும்தான் எல்லாரும் சொன்னாங்க. எங்க வரலாம்னு சொன்ன முதல் ஆள் நீங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள், திடலைச் சுற்றி ஒன்று. வட்டங்களுக்கு வெளியே இரயில் பாதையைப் பார்த்தபடி ஒரு சின்னச் சந்து மிஞ்சியது. நிறுத்தம் மூன்று நிமிடம். அம்மாவின் இடுப்பு எலும்பு முறிந்தபோது நானே முன்னால் நின்று கட்டவைத்த சாய்தளம். சரக்கு இறக்கும் பின்கதவு. தலை அலசும் தொட்டி, வரிசையாக மூன்று. எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். அக்கா, அந்தத் தொட்டிகளில் தலையைக் குனிந்து குனிந்தே வளர்ந்தவள் நான். மூன்று என்ற எண் என் வாயில் எங்கே இருந்து வந்தது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். நான்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆனால் பதறாதே. நான் உடனே எழுந்து தெளிவாகச் சொல்லிவிட்டேன். சலூன் எங்கள் மூன்று பேருக்கும் பொது. பீட்சாவுக்கு மேல் என்ன போடுவது என்றுகூட நாங்கள் ஒத்துப்போக மாட்டோம் என்று தெரிந்துதான், மூவரில் இரண்டு பேர் கையெழுத்து இருந்தால்தான் எதுவும் நடக்கும் என்று அம்மா உயிலில் எழுதிவிட்டுப் போனாள். என் அக்கா சம்மதிக்க மாட்டாள், அக்காவை மீறி நானும் போட மாட்டேன், ஆகவே மன்னிக்கவும் என்றேன். அம்மா காரியம் முடிந்த அன்றே, கோரி உள்ளே போய்ப் படுத்துவிடக் கூடாது என்று நீ எடுத்துக்கொண்டு போன சாவி உன்னிடமே இருக்கட்டும். நீ 'முடியாது' என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும், அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து நின்று கணீரென்று வாசிக்கிறேன். உன் மூன்று உத்தரவும் காப்பாற்றப்பட்டன. எதிர்ப்பு வென்றது.

பிரையன் அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் ஊர்க் காற்று சீக்கிரம் அடங்கட்டும், உன் முழங்கால் படியேறட்டும், இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது நீ உட்கார்ந்திருக்கும்படி கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உன் சொல் தட்டாத தங்கை,
ஷானா

பி.கு.: முந்தாநாள் உறையை ஒட்டப் போகும்போது உயிலை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்த்தேன். மூவரில் இரண்டு பேர் என்றுதான் இருக்கிறது, எந்த இரண்டு பேர் என்று இல்லை. கோரி நேற்று மதியம் வந்து, சலூனை நிலையத்துக்குக் கொடுக்கும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான், அப்படியே அம்மாவின் கையெழுத்துச் சுழி. பக்கத்தில் என்னுடையது. "பெரியவ கோபப்படுவாளா ஷானா?" என்று கேட்டான். படுவாள் என்றேன். பூட்டை உடைத்துவிடலாம் என்றார் டக். அது அம்மா போட்ட பூட்டு, உடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே சாவி வேண்டும். கோபமாக இருந்தால் தபாலில் அனுப்பு, இல்லையென்றால் நீயே கொண்டு வா. எப்படியானாலும் சீக்கிரம் அக்கா. அவன் இன்னும் மிசஸ் ஃபெரெய்ராவின் கடைக் கழிவறைக்குத்தான் போகிறான். ஞாயிற்றுக்கிழமை அவர் கடையைத் திறப்பதில்லை.