முதல்மாலையின் பத்தாவது கையெழுத்து

திண்டுக்கல்லில் யார் இறந்தாலும் எமனுக்கு அடுத்தபடியாக அந்த வீட்டு வாசலில் மாலையோடு நிற்பவர் எங்கள் தலைவர்தான். சொந்தபந்தமெல்லாம் அவருக்குப் பின்னால்தான் வர முடியும். அதனால் ஊரில் அவருக்கு 'முதல்மாலை' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் லெட்டர்பேடில் மட்டும் இருந்தது.

பெரிய கட்சியில் கவுன்சிலர் சீட்டு கிடைக்காத கோபத்தில் மறுநாளே தனிக்கட்சி தொடங்கியவர். மாநிலத் தலைவர் அவர், பொருளாளர் மச்சினன். இளைஞரணித் தலைவருக்கு முட்டிவலி. தலைமை அலுவலகம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த என் போஸ்டர் கடை. ஒவ்வொரு தேர்தலிலும் சிங்கம் போல மனு போடுவார். வாபஸ் நாளன்று பெரிய கட்சிக்காரர்கள் பொன்னாடையோடு வருவார்கள். 'மக்கள் நலன் கருதி' வாபஸ் வாங்கிவிடுவார். பொன்னாடை வைக்க பீரோவில் இடமில்லை என்று அவர் மனைவி என்னிடமே புலம்பியிருக்கிறார்.

போன சட்டமன்றத் தேர்தலில் மட்டும், "இந்தத் தடவ மிஷின்ல எம்பேரு இருக்கணும்யா. இல்லேன்னா கட்சியக் கலைச்சிட்டு வீட்ல உக்காந்துருவேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவருடையது போன்ற சின்னக் கட்சிக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது பேர் தேறினார்கள். பத்தாவதாக 'நான் போடுகிறேன்' என்றவர், தலைவருக்குப் பள்ளியில் பாடம் எடுத்த சவரிமுத்து வாத்தியார். சொன்ன வாரமே நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

மனுவுக்குக் கடைசி நாள் காலை, வாத்தியார் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்பதை முதல்மாலை பைக்கில் போகும்போது பார்த்தார். அவருக்கு அது போதாதா? மூச்சிரைக்க என் கடைக்கு வந்தார்.

"அப்பு, வாத்தியாரு செத்துப் போனாருய்யா! பெரிய கட்சிக்காரன் முந்துறதுக்குள்ள போஸ்டர அடிச்சிரு!"

நானும் புத்தி கெட்டுப்போய் யாரையும் விசாரிக்காமல் அடித்துக் கொடுத்தேன். கண்ணீர் அஞ்சலி. வாத்தியார் படம் தபால்தலை அளவு, கும்பிடும் தலைவர் படம் ஆளுயரம்.

நிலக்கோட்டை ரோஜா மாலையோடு நாங்கள் போய் இறங்கினால், வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்! ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டில் கொண்டுவந்து விட்ட ஆம்புலன்ஸாம் அது. ஒட்டுகிற ஆட்கள் எங்களை முந்திவிட்டார்கள். எதிர்ச்சுவரில் பசை காயாமல் போஸ்டர்.

"எங்கப்பா கஞ்சி குடிக்கிறது கண்ணுக்குத் தெரியலையாண்ணே? நாசமாப் போக ஒங்க அரசியலு!" என்று மகள் கத்தினார்.

வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போஸ்டரைப் படித்தார். "ஏலே, எழுத்துப்பிழை இல்ல. அம்புட்டு வரைக்கும் நல்லது" என்றார்.

தலைவர் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மூன்று மணிக்கு மனு நேரம் முடிந்துவிடும். ஆனாலும் கையெழுத்து கேட்காமல், மனு ஃபாரத்தை மாலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஃபாரத்தக் குடுலே" என்று வாத்தியாரே கை நீட்டினார். நடுங்கி நடுங்கிக் கையெழுத்துப் போட்டார். "தேதியும் மணியும் போட்டுருக்கேன். இல்லேன்னா போஸ்டரப் பாத்துட்டு அதிகாரி செல்லாதுன்னுருவாரு."

வாபஸ் நாளன்று வழக்கம்போல் பொன்னாடை வந்தது. "மக்கள் நலன் கருதி..." என்று வந்தவர்களே எடுத்துக்கொடுத்தார்கள்.

முதல்மாலை தலையாட்டவில்லை. "செத்துட்டாருன்னு போஸ்டர் ஒட்டுன பயலுக்கு, அந்த மனுசன் நடுங்குற கையில கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காரு. அத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாபஸ் வாங்கச் சொல்றீக?"

மிஷினில் அவர் பெயர் வந்தது. டெபாசிட்டும் போனது. ஊரே சிரித்தது, டீக்கடையில் நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் என் ஓட்டு அவருக்குத்தான். இதுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் அழுதுவிடுவார்.